தானியங்கிப் பூனைத் தொட்டி: வாங்குமுன் சில சொற்கள்

சிறுநீரகப் பிரிவின் புறநோயாளர் அறையில் எங்களிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் உப்பு, தண்ணீரின் அளவு, மாத்திரையின் விலை ஆகியவற்றைச் சுற்றியே அமைகின்றன. அண்மைக் காலமாக வேறொரு கேள்வியும் வருகிறது. பூனைகள் மலம் கழிக்கும் மணலைத் தானே சலித்துத் தூய்மை செய்துகொள்ளும் மின்பொறி ஒன்று விற்கிறதாமே, அதை வாங்கி வைத்துவிட்டால் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் பூனைகளோடு அச்சமின்றி வாழலாமா என்பது அக்கேள்வி. கேட்பவர் பெரும்பாலும் நோயாளர் அல்லர். வெளிநாட்டிலுள்ள மகனோ மகளோ தொலைபேசியில் சொன்னதை எங்களிடம் கொண்டுவரும் மனைவியாகவோ கணவராகவோ இருப்பார்.

இதுபோன்ற கேள்விகளுக்கு நாங்கள் நெடுங்காலம் ஒரே விடையைத்தான் சொல்லிவந்தோம்: "பூனைகளை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்." சொல்வதற்கு எளிது, எங்களுக்குக் கால்மணி நேரம் மிச்சம். அவ்விடையை இப்போது திரும்பப் பெறுகிறோம். அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுவது முறை.

சில ஆண்டுகளுக்கு முன் மாற்றுச் சிறுநீரகம் பெற்ற ஒருவரிடம் இதே வரியைச் சொல்லி அனுப்பினோம். அவர் தலையசைத்துச் சென்றார். அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. டாக்ரோலிமஸ் மருந்தின் இரத்த அளவைப் பார்க்க வேண்டிய மூன்று முறைகள் தவறிப்போயின. நான்காம் மாதம் கால்வீக்கத்தோடு வந்தபோது கிரியாட்டினின் ஏறியிருந்தது. ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு அவர் தலை குனிந்தார், மனைவிதான் விடை சொன்னார்: "பூனைங்களை விட்டாச்சான்னு கேட்பீங்க. பொய் சொல்ல மனசு வரலை டாக்டர், அதான் வரலை." சிகிச்சையால் அச்சிறுநீரகத்தை ஓரளவு காப்பாற்றினோம். இழந்ததில் ஒரு பகுதி திரும்பவே இல்லை. அவருடைய உடலுக்குப் பூனைகள் செய்த கேடு ஏதுமில்லை. எங்கள் அறிவுரை செய்த கேடு குறிப்பேட்டில் எண்களாகப் பதிவாகியிருக்கிறது.

ஆகவே இப்பொருளைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறோம். திருநின்றவூர் என்றதும் எங்கள் இதயப் பிரிவு நண்பர்களுக்குப் பூசலார் நாயனாரும் இருதயாலீசுவரர் கோயிலும் நினைவுக்கு வரும். எங்களுக்கோ ஏரியும் எலியும் பூனையும். ஆவடிக்கு மேற்கே வேப்பம்பட்டு வரையிலான ஊர்களிலிருந்து வரும் நோயாளர்களின் வீடுகளில் பூனை ஒன்றோடு நிற்பதில்லை. வயலும் ஏரிக்கரையும் அருகிலிருப்பதால் எலி வரும். எலிக்காக ஒரு பூனை வரும். அது ஈன்ற குட்டிகளுள் இரண்டு தங்கிவிடும். முன்பு அவை கொல்லைப்புற மண்ணைப் பறித்து மலம் கழித்து மூடிவிட்டு வரும். இன்று கொல்லை சிமெண்டுத் தளமாகிவிட்டது. பலர் அடுக்ககத்திற்கும் குடிபெயர்ந்துவிட்டனர். எனவே பூனைக்கு வீட்டினுள்ளே மணல் தொட்டி தேவைப்படுகிறது. கடைக்காரர்கள் இதனை லிட்டர் பாக்ஸ் என்பார்கள். இந்தப் பழக்கத்திற்கு வயது அதிகமில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்பவர் 1947இல் எண்ணெய்க் கசிவை உறிஞ்சப் பயன்படும் களிமண் துகளை அண்டை வீட்டாரின் பூனைக்குக் கொடுத்துப் பார்த்ததிலிருந்துதான் இவ்வணிகம் தொடங்கியது. ஈரம் பட்டதும் கட்டியாகத் திரளும் பெண்டோனைட் மணல் 1980களில் வந்தது. அக்கட்டியைச் சல்லடையால் பிரித்தெடுக்க முடிந்ததால்தான் தானியங்கிப் பொறிக்கு வழி பிறந்தது. பெண்டோனைட்டுக்கு நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. குஜராத்தின் கச்சிலும் ராஜஸ்தானின் பார்மரிலும் அது நிறையவே கிடைக்கிறது.

இவ்வாண்டு எங்களிடம் வந்த ஒரு குடும்பத்தின் செய்தியை, அவர்கள் இசைவோடு, பெயர் நீக்கிச் சொல்கிறோம். ஆவடித் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற ஐயா. மாற்றுச் சிறுநீரகம் பெற்று ஓராண்டு நிறையவில்லை. அம்மாவுக்கு இரு முழங்காலிலும் தேய்வு; தரையில் குனிய இயலாது. மகன் டெக்சாஸில். மூன்று பூனைகள். தந்தை பூனை மணலைத் தொடக்கூடாது, தாயால் குனிய முடியாது என்று அறிந்த மகன், விடுமுறைக்கு வந்தபோது ஒரு தானியங்கித் தொட்டியைப் பெட்டியோடு கொண்டுவந்து இறக்கிவிட்டார். இரண்டு வாரத்திற்கு ஒருமுறை கீழறையைத் திறந்து பையை எடுத்தால் போதும் என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தது. "இனிமே கவலை இல்லைதானே டாக்டர்?" என்றார் அம்மா.

அந்த 'இரண்டு வாரம்' என்ற சொல்லிலேதான் எங்கள் கவலை தொடங்குகிறது.

பூனையின் மலத்தால் எங்கள் நோயாளர்களுக்கு வரக்கூடிய நோய்களுள் முதன்மையானது டாக்சோபிளாஸ்மா என்னும் ஒற்றை உயிரணு ஒட்டுண்ணியால் வருவது. 1908இல் வட ஆப்பிரிக்காவின் துனிசில் ஒரு கொறிவிலங்கின் உடலில் கண்டறியப்பட்டது இது. பூனையின் குடலில்தான் இது தன் முட்டையுறைகளை உருவாக்குகிறது என்பது உறுதிப்பட 1970 வரை ஆயிற்று. அதனை உறுதிப்படுத்தியவர்களுள் இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த ஜே. பி. துபேயும் ஒருவர். நலமாயிருப்பவருக்கு இத்தொற்று பெரும்பாலும் வந்த சுவடின்றிப் போய்விடும். ஒட்டுண்ணி தசையிலும் மூளையிலும் உறங்கிக் கிடக்கும். மாற்று உறுப்பு பெற்றவர், புற்றுநோய்க்கு மருந்தேற்றம் பெறுபவர், நெடுநாள் மிகுதியான ஸ்டீராய்டு உட்கொள்பவர், எச்.ஐ.வி. முற்றிய நிலையில் இருப்பவர் ஆகியோருக்கு அது மூளையையோ நுரையீரலையோ கண்ணையோ தாக்கலாம். கருவுற்றிருக்கும் காலத்தில் தாய்க்கு முதன்முறையாகத் தொற்றினால் குழந்தையைப் பாதிக்கலாம்.

இங்கே குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. பூனை கழித்த புது மலத்தில் இருக்கும் முட்டையுறை உடனே நோயைத் தராது. காற்றும் ஈரமும் வெதுவெதுப்பும் பெற்று 1 முதல் 5 நாளில் அது முதிர்கிறது. முதிர்ந்த பிறகே தொற்றும். முதிர்ந்தபின் ஈரமண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. நாள்தோறும் மணலைத் தூய்மை செய்ய வேண்டும் என்று உலகெங்கும் மருத்துவர்கள் சொல்வதன் காரணம் இதுதான். ஒரு நாளுக்குள் அகற்றப்பட்ட மலம் பெரும்பாலும் தீங்கற்றது. இப்போது தானியங்கிப் பொறி என்ன செய்கிறது என்று பாருங்கள். மலத்தைச் சலித்தெடுத்து, மூடிய கீழறையில் சேர்த்து, நம் ஊர் வெப்பத்தில் பதினான்கு நாள் வைத்திருக்கிறது. பதினைந்தாம் நாள் அந்த அறையை இழுத்துத் திறப்பவர் கையில் வருவது முதிர்ந்த சரக்கு. பொறியின் மேல் எந்தச் சிறப்பைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்களோ, அதுவே எங்கள் நோயாளரின் வீட்டுக்குப் பொருந்தாத ஒன்றாகிறது.

இதனால் அச்சம் கொள்ளவும் வேண்டாம். ஒரு பூனை பெரும்பாலும் வாழ்நாளில் ஒருமுறை, முதல் தொற்றின்போது, ஒன்றிரண்டு வாரங்கள் மட்டுமே முட்டையுறைகளை வெளியேற்றுகிறது. எலி பிடிக்காத, வீட்டைவிட்டு வெளியேறாத, வெந்த உணவோ கடையில் விற்கும் உலர் உணவோ மட்டும் உண்ணும் பூனைக்கு அத்தொற்றே வருவது அரிது. கோழிக்கடையில் வாங்கிவரும் கழிவை அப்படியே போடும் பழக்கத்தைத்தான் நிறுத்த வேண்டும்; வேகவைத்துப் போடுங்கள். பூனையின் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லிப் பணம் செலவழிக்கவும் வேண்டியதில்லை. மனிதர்க்குத் தொற்று வரும் வழிகளுள் நன்கு வேகாத இறைச்சியும் கழுவாத கீரையும் தோட்ட மண்ணும் பூனையைவிடச் சிறியவை அல்ல. பூனையை விரட்டிவிட்டு அரைவேக்காட்டுக் கறியை உண்ணும் நோயாளரையும் நாங்கள் கண்டிருக்கிறோம்.

நோயாளருக்கு முன்பே இத்தொற்று வந்து போயிருக்கிறதா என்பதை ஐ.ஜி.ஜி. என்னும் இரத்தச் சோதனை காட்டும். வந்து போயிருந்தால், அவருக்குள்ள கவலை உறங்குவது விழித்துக்கொள்வதைப் பற்றியது. வீட்டுப் பூனைக்கு அதில் பெரிய பங்கில்லை. மாற்று அறுவைக்குப் பின் சில மாதங்கள் நாங்கள் தரும் கோட்ரைமாக்சசோல் மாத்திரை முதன்மையாக நுரையீரல் தொற்று ஒன்றைத் தடுக்கவே தரப்படுகிறது. ஆனால் டாக்சோபிளாஸ்மாவிலிருந்தும் காக்கிறது. 'வெறும் ஆன்டிபயாட்டிக்தானே' என்று அதைத் தாமாக நிறுத்துவோர் இப்பத்தியை இன்னொரு முறை படிக்க வேண்டுகிறோம்.

இனிப் பொறிக்கு வருவோம். நிறுவனத்தின் பெயர் சொல்லிப் பரிந்துரைப்பது மருத்துவர்க்கு அழகன்று. வகையை மட்டும் சொல்லலாம். இன்று மிகுதியாக விற்பது உருளை வகை: பூனை வெளியேறிச் சில நிமிடங்கள் கழித்து உருளை மெல்லச் சுழலும், மணல் சல்லடை வழியே ஒருபுறம் செல்ல, கட்டி கீழறையில் விழும். இதற்குக் கட்டியாகத் திரளும் மணல்தான் வேண்டும். மற்றொன்று, சீப்பு போன்ற ஒரு தகடு தட்டின் மேல் நகர்ந்து மலத்தை ஓரத்துக்குத் தள்ளும் வகை. இதில் பலவும் சிலிக்கா படிக மணலை வேண்டுபவை. படிகம் சிறுநீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கட்டியாக்காது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றின் ஈரமே படிகத்தை நிறைத்துவிடும் என்பதால் நம் பகுதிக்கு இது ஒத்துவரும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

எந்த வகையாயினும் பூனை உள்ளே இருக்கையில் அது இயங்கக்கூடாது. எடையை உணரும் சென்சாரும், வாயிலில் அசைவை உணரும் சென்சாரும், தடை ஏற்பட்டால் உருளையை நிறுத்தும் அமைப்பும் தனித்தனியே இருக்க வேண்டும். பெயரில்லாத மலிவான பொறிகள் சிலவற்றில் பூனைகள் சிக்கி மாண்ட செய்திகள் வெளிநாடுகளிலிருந்து வந்துள்ளன. நாங்கள் சொல்லும் சோதனை எளியது. பூனைகளை வேறறையில் அடைத்துவிட்டு, பொறியை இயக்கி, உருளும்போது சுருட்டிய செய்தித்தாளை வாயிலில் நீட்டுங்கள். தாளை நசுக்கினால் பொறியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். குட்டிகளின் எடையைப் பொறி உணராது. பெரும்பாலானவை ஒன்று அல்லது ஒன்றரை கிலோவுக்குக் குறைந்த குட்டியை அறியமாட்டா. வீட்டில் குட்டி இருக்கும்வரை தானியங்கு முறையை அணைத்து, பொத்தானை அழுத்தி மட்டுமே இயக்க வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து கொண்டுவருவோர் அடாப்டரின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். அங்கே 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியிருந்தால் நம் 230 வோல்ட் மின்சாரத்தில் செருகலாம்; 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் முதல் நாளிலேயே கருகிவிடும். உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு முடிந்துவிடும். கீழறைக்கு உரிய பையும் வாசனை வடிகட்டியும் இங்கே கிடைக்குமா, சாதாரணக் குப்பைப் பை பொருந்துமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மின்தடை வேளையில் உருளை பாதியில் நின்றால் பூனை நுழைய வழியிருக்காது. இன்வெர்ட்டர் இணைப்புள்ள இடத்தில் வைப்பது நல்லது. ஏரியை ஒட்டிய தெருக்களில் குடியிருப்போர் மழைக்காலத்திற்கு முன் பொறியைத் தரையிலிருந்து மேலே ஏற்றி வைத்துவிட வேண்டும். இதனை அவர்களுக்கு நாங்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பல பூனைகள் உள்ள வீட்டிற்கு ஒரு பொறி போதுமா? நான்கு பூனை வரை போதும் என்பது விற்பவர் கணக்கு. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தொட்டி கூடுதலாக, வெவ்வேறு இடங்களில் வேண்டும் என்பது கால்நடை மருத்துவர் கணக்கு. இரண்டாவதையே நாங்கள் நம்புகிறோம். மூன்று பூனைகளுள் ஒன்று அதிகாரம் செய்யும்; அது பொறியின் வாயிலருகே படுத்துக்கொண்டால் கூச்சமுள்ள பூனை சிறுநீரை அடக்கும், அல்லது கால்மிதியில் கழிக்கும். கால்மிதியில் கழித்ததை யார் துடைப்பது என்ற கேள்வி உடனே எழும்; அவசரத்தில் துடைப்பவர் பல வேளை நோயாளராகவே இருப்பார்.

ஆண் பூனை தொட்டிக்கு மீண்டும் மீண்டும் சென்று முக்கியும் சிறுநீர் வராமல் கத்தினால், அது சிறுநீர்ப்பாதை அடைப்பு. சிறுநீர் நின்றால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயம் தடுமாறும் என்பது எங்கள் நோயாளர்கள் நன்கறிந்த செய்தி; பூனைக்கும் அதே கதிதான், ஓரிரு நாளில் உயிர் போகலாம். காலையாகட்டும் என்று காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கப்பட்டது. நம் ரயில் தடத்தில் சென்ட்ரல் இறங்கினால் அருகில்தான். முதிய பூனைகளுக்குச் சிறுநீரகச் செயலிழப்பு மிகச் சாதாரணம். மணலில் கட்டி முன்பைவிடப் பெரிதாவது அதன் முதல் அறிகுறிகளுள் ஒன்று. கையால் அள்ளுபவர் கண்ணில் அது படும். பொறி அதனை ஓசையின்றி விழுங்கிவிடும். நேர்மையாகச் சொன்னால், ஒவ்வொரு பூனையின் எடையையும் வருகையின் எண்ணிக்கையையும் கைப்பேசிச் செயலியில் பதியும் பொறிகளும் உள்ளன. அச்செயலியைத் திறந்து பார்ப்பவர்க்கு அது பயன் தரும். டெக்சாஸ் மகன் அதைத் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். தந்தையின் டாக்ரோலிமஸ் அளவையும் அதேபோலக் கேட்டறிந்தால் நன்று என்று சொல்லி அனுப்பினோம்.

தூய்மை செய்வதைப் பற்றி ஒன்று. பிளீச்சிங் கரைசலோ வீட்டில் தரை துடைக்கும் கிருமிநாசினியோ டாக்சோபிளாஸ்மாவின் முட்டையுறையைக் கொல்வதில்லை. சூடு கொல்லும். சாதாரணப் பிளாஸ்டிக் தொட்டி என்றால் மணலைக் கொட்டிவிட்டு ஒரு பாத்திரம் கொதிநீரை ஊற்றி வைத்துவிடலாம். சென்சாரும் மோட்டாரும் உள்ள பொறிக்குக் கொதிநீர் ஊற்ற முடியுமா? உருளையின் இடுக்குகளில் மணல் ஒட்டிக் காய்ந்திருப்பதைச் சுரண்டித் துடைக்க அரைமணி நேரம் ஆகும். அந்த வேலையை வயது முதிர்ந்த பணிப்பெண்ணிடம் தள்ளிவிடுவது நம் வீடுகளின் வழக்கம். அவருடைய உடல்நிலை என்ன, வீட்டில் கருவுற்ற மகள் உண்டா என்று நாம் கேட்பதில்லை. அவருக்கும் கையுறை கொடுங்கள். எடுத்த கழிவை இரண்டு பைகளில் இறுக்கிக் கட்டி, தனியே நகராட்சித் தூய்மைப் பணியாளரிடம் சொல்லித் தாருங்கள். அவரும் அதைக் கையால்தான் வாங்குகிறார். கழிப்பறையில் கொட்டினால் பெண்டோனைட் நீரில் ஊதி, கழிவுநீர்த் தொட்டிக்குச் செல்லும் குழாயை அடைத்துவிடும். கீரைப்பாத்திக்கு எருவாக இடுவது எல்லாவற்றிலும் கேடு.

வீட்டிலேயே வயிற்றுக் குழாய் வழி டயாலிசிஸ் செய்துகொள்வோர்க்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பூனைக்கு வெதுவெதுப்பான திரவப் பையும் தொங்கும் குழாயும் விளையாட்டுப் பொருள்கள். பூனையின் பல்லோ நகமோ குழாயில் பட்ட இடத்தின் வழியே பாஸ்டுரெல்லா என்னும் கிருமி நுழைந்து வயிற்று உறை அழற்சி வந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பலவாறு பதிவாகியுள்ளன. திரவம் மாற்றும்போது கதவைத் தாழிட வேண்டும். இரவில் இயந்திரத்தில் இணைந்து உறங்குவோர் படுக்கையறைக்குப் பூனையை விடவே கூடாது. மணல் தொட்டி அந்த அறையில் இருக்கக்கூடாது என்பதும் இதில் அடங்கும். இவர்களைப் பொறுத்தவரை மணலைவிட நகமே பெரிய இடர்.

இவ்வளவும் சொன்னபின், பொறியை வாங்கலாமா என்ற கேள்விக்கு எங்கள் கருத்து இது. நாள்தோறும் கீழறையைத் திறந்து பையை எடுக்க நோயாளர் அல்லாத ஒருவர் வீட்டில் இருக்கிறாரா? இருக்கிறார் என்றால், பொறி அவருடைய குனிவைக் குறைக்கும். நாற்றத்தையும் ஈயையும் குறைக்கும். மணலை அள்ளும்போது எழும் தூசு குறைவதால் ஆஸ்துமா உள்ளவர்க்கு ஆறுதலாகும். அவருக்காக வாங்குங்கள். அப்படி ஒருவர் இல்லாத வீட்டில், அவரில்லாத குறையைப் பொறி தீர்க்கும் என்று எண்ணிப் பல பத்தாயிரம் ரூபாயைச் செலவிட வேண்டாம். அத்தொகையில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு மூன்று நான்கு பிளாஸ்டிக் தொட்டிகள், நீண்ட கைப்பிடியுள்ள கரண்டி, ஒரு பெட்டி கையுறை, நாள்தோறும் பத்து நிமிடம் வந்து செல்ல ஒருவருக்குக் கூலி ஆகிய எல்லாவற்றையும் பெறலாம். வேறு எவருமே இல்லை, நோயாளர்தாம் செய்தாக வேண்டும் என்றால், கையுறையும் முகக்கவசமும் அணிந்து நாள்தோறும் செய்து, பின் சோப்பிட்டுக் கைகழுவுவது, பதினான்கு நாள் கழித்துக் கீழறையைத் திறப்பதைவிடப் பாதுகாப்பானது. இக்கருத்தோடு எங்கள் பிரிவிலேயே ஒருவர் முழுவதும் உடன்படவில்லை. முதல் ஆறு மாதமாவது பூனைகள் உறவினர் வீட்டில் இருக்கட்டும் என்பது அவர் நிலை. வழியுள்ள குடும்பங்களுக்கு அதுவும் தவறன்று.

திருநின்றவூர்க் குடும்பத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். செய்தித்தாள் சோதனையில் பொறி தேறியது, அடாப்டரும் பொருந்தியது. மூத்த பூனைகள் இரண்டும் பத்து நாளில் பழகிக்கொண்டன. அந்தப் பத்து நாளும் பொறியை அணைத்தே வைத்து, பழைய தொட்டி மணலில் ஒரு கைப்பிடியை உள்ளே தூவியிருந்தார்கள். மூன்றாவது பூனை மோட்டார் ஓசை கேட்டதும் பரணில் ஏறிக்கொண்டது. இன்றுவரை அதற்குத் துவைக்கும் கல்லருகே பழைய பிளாஸ்டிக் தொட்டிதான். இரண்டையும் நாள்தோறும் தூய்மை செய்பவர் அவர்களோடு தங்கிப் பிளஸ் ஒன் படிக்கும் பேரன். பள்ளிக்குக் கிளம்புமுன் பையை எடுத்துக் கட்டி, தாத்தாவைப் பார்த்து, "தள்ளி நில்லுங்க தாத்தா" என்பானாம். அம்மா சொல்லிச் சிரித்தார். முழங்கால் அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஐயாவின் ஐ.ஜி.ஜி. சோதனை, முன்பே தொற்று வந்து போனதைக் காட்டியது. பிள்ளைப் பருவத்திலேயே, ஏரிக்கரை மண்ணில் ஆடிய காலத்திலேயே வந்திருக்கலாம். கோட்ரைமாக்சசோலை எப்போது நிறுத்துவது என்பதை அதனை எண்ணியே முடிவு செய்வோம்.

தேர்வுக் காலத்தில் பேரனுக்கு ஓய்வு வேண்டும் என்பதால் எதிர்வீட்டு அம்மாவிடம் பேசி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் பதிவுப் படிவத்தில் இதுவரை மது, புகை, ஒவ்வாமை ஆகியவற்றை மட்டுமே கேட்டுவந்தோம். அடுத்த மாதம் முதல் மற்றொரு வரியும் சேர்கிறது: வீட்டில் உள்ள விலங்குகள் எவை, எத்தனை, அவற்றின் கழிவை எடுப்பவர் யார். தயங்காமல் உள்ளதை எழுதுங்கள். ஐந்து பூனை என்றால் ஐந்து என்றே எழுதுங்கள். விட்டுவிடச் சொல்ல மாட்டோம்.